வேகம் குறைந்தும் விரைந்த சர்வர்

ஒரு சனிக்கிழமை மாலை. மொத்த வியாபாரம் செய்யும் நிறுவனம் ஒன்றின் கணக்குகளைச் சுமந்துகொண்டிருந்த பழைய சர்வருக்குக் கூடுதல் ரேம் போட்டு முடித்திருந்தோம். டெல் பவர்எட்ஜ் ஆர்720 என்ற மாதிரி. 2012-இல் சந்தைக்கு வந்தது. இரண்டு ஜியான் பிராசசர்கள், அவற்றின் பக்கங்களில் வரிசைகட்டி நிற்கும் 24 ரேம் ஸ்லாட்டுகள். அவற்றில் 8 ஸ்லாட்டுகளில் மட்டும் தலா 8 ஜிபி ரேம் இருந்தது. மொத்தம் 64 ஜிபி. காலியாகக் கிடந்த 16 ஸ்லாட்டுகளையும் நிரப்பி 192 ஜிபி ஆக்கினோம். இயந்திரம் எழுந்தது. திரையில் ஓடிய எழுத்துகளைக் கவனித்துக்கொண்டிருந்த அந்த அலுவலகத்துக் கணினிப் பொறுப்பாளர், இளைஞர், முகம் சுருங்கத் திரும்பினார்.

"என்ன சார், ரேம் போட்டா வேகம் கூடும்னீங்க. முன்னாடி 1600-ன்னு இருந்துச்சு. இப்போ 1066-ன்னு காட்டுதே?"

"சரியாத்தான் பார்த்திருக்கீங்க தம்பி. வேகம் குறைஞ்சுதான் போச்சு. இன்னைக்கு ராத்திரி அந்த இருப்பு அறிக்கையை ஓட்டிப் பாருங்க."

வழக்கமாக விடியும்வரை இழுக்கும் அந்த மாத இறுதி இருப்பு அறிக்கை அன்று நள்ளிரவுக்கு முன்பே முடிந்துவிட்டது. திரை காட்டியதும் உண்மை, கடிகாரம் காட்டியதும் உண்மை. ரேம் ஒவ்வொன்றும் முன்பைவிட மெதுவாகப் பேசியது. வேலையோ பல மடங்கு சீக்கிரம் முடிந்தது. இந்த முரணை அவிழ்க்க, ஒரு ரேமுக்குள் இருக்கும் மிகச் சிறிய பொருள்வரை போய்ப் பார்க்க வேண்டும்.

முதலில், ரேம் போதாத சர்வர் ஏன் தவிக்கிறது? பிராசசர் கேட்கும் தகவல் ரேமில் இருந்தால் சுமார் 100 நானோ நொடியில் கைக்கு வரும். இல்லாவிட்டால் சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் தேட வேண்டும். அதன் ஊசி சரியான தடத்துக்கு நகர்ந்து, தட்டு சுற்றி வந்து, தகவல் கிடைக்க ஏறத்தாழ 10 மில்லி நொடி ஆகும். இரண்டுக்கும் 1 லட்சம் மடங்கு வித்தியாசம். அடுப்படியில் நிற்பவர் அஞ்சறைப்பெட்டியிலிருந்து கடுகு எடுக்க ஒரு நொடி ஆகிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் கடுகு இல்லையென்றால் வாங்கி வர ஆள் அனுப்ப வேண்டும்; அந்த ஆள் திரும்பி வர 1 லட்சம் நொடி, அதாவது 28 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. எண்ணெய் காய்ந்துகொண்டே இருக்கும்.

இல்லாத இடத்தை இருப்பதுபோல் காட்டி, ரேமையும் வட்டையும் ஒரே நினைவகமாகப் பாவிக்கும் உத்தி, 1962-இல் இயங்கத் தொடங்கிய மான்செஸ்டர் பல்கலைக்கழகத்து அட்லஸ் கணினியிலேயே இருந்தது. அதில் வட்டுக்குப் பதிலாக உருளை. உத்தி அருமையானது. ஆனால் தேவை ஓர் எல்லையைத் தாண்டினால் இயந்திரம் கணக்குப் போடுவதை விட்டுவிட்டு, பக்கங்களை உள்ளே கொண்டுவருவதும் வெளியே தள்ளுவதுமாகவே காலம் கழிக்கும். பீட்டர் டென்னிங் 1968-இல் இந்த நிலையை அலசி, ஒரு நிரலுக்கு எந்த நேரத்திலும் உடனடியாகத் தேவைப்படும் பக்கங்களின் தொகுப்பு ஒன்று உண்டு, அது முழுதாக ரேமில் அடங்கினால்தான் வேலை நகரும் என்று விளக்கினார். நம் சர்வரில் நடந்தது அதுவே. அந்த அறிக்கைக்கு வேண்டிய அட்டவணைகள் 64 ஜிபிக்குள் அடங்கவில்லை, 192 ஜிபிக்குள் அடங்கின. அந்த சர்வரை இயக்கும் லினக்ஸ், சும்மா இருக்கும் ரேமை வட்டிலிருந்து படித்தவற்றைத் தாங்கி வைக்கப் பயன்படுத்திக்கொள்ளும். முதல் சுற்றில் வட்டிலிருந்து வந்தவை அதன்பின் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தன. வட்டுக்கு ஓடும் ஓட்டம் நின்றபோது, 1600 எனும் எண் 1066 ஆனது யாருக்கும் உறைக்கவில்லை.

பாதிப் பதில் இது. வேகம் ஏன் குறைய வேண்டும் என்பதுதான் எனக்குப் பிடித்த மறுபாதி.

1966-இல் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் டென்னார்டு என்ற பொறியாளர், ஒரு பிட்டைச் சேமிக்க ஆறு டிரான்சிஸ்டர்கள் கொண்ட நினைவகத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். அதே நிறுவனத்தில் காந்த நினைவகம் செய்யும் வேறொரு குழு தங்கள் வடிவமைப்பை விளக்கியதைக் கேட்டபோது அதன் எளிமை அவரை உறுத்தியது. நம்முடையது மட்டும் ஏன் இவ்வளவு சிக்கல்? அந்தக் கேள்வியைத் துரத்திப்போய் அவர் வந்தடைந்த விடை: ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி. மின்தேக்கியில் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. டிரான்சிஸ்டர் அதன் கதவு. 1968-இல் காப்புரிமை கிடைத்தது. 1970-இல் இன்டெல் வெளியிட்ட 1103 என்ற சிப்பில் 1024 பிட்கள் இருந்தன. அதில் பிட்டுக்கு மூன்று டிரான்சிஸ்டர்கள். பின்னர் வந்த தலைமுறைகள் டென்னார்டின் ஒற்றை டிரான்சிஸ்டருக்கே மாறின. நாம் பொருத்திய 8 ஜிபி ரேம் ஒன்றில் 36 கறுப்புச் சிப்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் 214 கோடிக்கும் மேற்பட்ட மின்தேக்கிகள்.

அந்த மின்தேக்கி எவ்வளவு சிறியதென்றால், நிரம்பியிருக்கும்போது அதன் பங்கு ஏறத்தாழ 1 லட்சம் எலக்ட்ரான்கள்தான். கேட்கப் பெரிய எண்ணாகத் தோன்றும். ஒரு எல்ஈடி விளக்குக்குள் ஒரு நொடியில் பாயும் எலக்ட்ரான்களோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. அதிலும் டிரான்சிஸ்டர் கதவு முழுதாக மூடாது. எலக்ட்ரான்கள் கசிந்துகொண்டே இருக்கும். ஓட்டைக் குடத்தில் நீர் வைத்திருப்பது போன்ற நிலை. அதனால் குடம் வடிவதற்குள் எத்தனை நீர் இருக்கிறதென்று பார்த்து மீண்டும் நிரப்ப வேண்டும். டிடிஆர்3 ரேமில் ஒவ்வொரு குடத்துக்கும் 64 மில்லி நொடிக்கு ஒருமுறை இது நடக்கிறது. அந்த இடைவெளிக்குள் 8192 கட்டளைகள், அதாவது 7.8 மைக்ரோ நொடிக்கு ஒன்று. 85 டிகிரிக்கு மேல் சூடானால் கசிவு கூடும். அப்போது அவகாசம் பாதியாகி 32 மில்லி நொடி. 192 ஜிபி சர்வருக்குள் பிழைதிருத்தும் பிட்களையும் சேர்த்து ஏறக்குறைய 1.86 லட்சம் கோடி குடங்கள். அத்தனையும் நொடிக்குப் பதினைந்து முறைக்குமேல் நிரப்பப்படுகின்றன, அலுவலகத்தில் யாருமே இல்லாத ஞாயிற்றுக்கிழமையிலும். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மரியாதை வருகிறது.

படிப்பதும் இங்கே ஒரு நிரப்பல்தான். கதவைத் திறந்தால் இருந்த மின்னூட்டம் கம்பியில் கலந்து போய்விடும். அந்த நுண்ணிய சலனத்தை உணரும் சுற்று அதைப் பெருக்கி, 1 அல்லது 0 என்று முடிவுசெய்து, மீண்டும் உள்ளே ஊற்றும். இதற்கென்று ஒரு நேரம் வேண்டும். அதைக் கடிகாரத்தின் துடிப்பைக் கூட்டிக் குறைக்க முடியாது. இந்த விஷயத்தை நினைவில் வையுங்கள், திரும்ப வருவேன்.

(ஒரு சிறு விலகல். மின்சாரத்தை நிறுத்திய கணத்திலேயே எல்லாக் குடங்களும் காலியாவதில்லை. குடத்துக்குக் குடம் கசிவு வேறுபடுவதால் சில நொடிகள்வரை பெரும்பகுதி தங்கும். குளிரவைத்தால் நிமிடக் கணக்கில். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகக் குழு 2008-இல் இப்படி ரேமைக் குளிரவைத்து, வட்டுப் பூட்டின் ரகசியச் சாவிகளையே அதிலிருந்து எடுத்துக் காட்டியது.)

இப்போது ஸ்டிக்கரைப் படிப்போம். நாம் வாங்கிய ரேமின்மேல் 2ஆர்×4 பிசி3-12800ஆர் என்று அச்சிட்டிருந்தது. பழைய சர்வருக்கு ரேம் தேடுகிறவர் கொள்ளளவைவிட இந்த வரியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பிசி3 என்றால் டிடிஆர்3. 12800 என்பது நொடிக்குக் கடத்தக்கூடிய மெகாபைட். திரையில் பார்த்த 1600, நொடிக்கு நடக்கும் பரிமாற்றங்களை மில்லியனில் சொல்வது; அதை 8 பைட்டால் பெருக்கிய எண். ×4 என்றால் ஒவ்வொரு சிப்பும் ஒரே நேரத்தில் 4 பிட் தருகிறது. 18 சிப்கள் சேர்ந்தால் 72 பிட் கொண்ட ஒரு முழு அணி. அந்த அணிக்கு ரேங்க் என்று பெயர். 2ஆர் என்றால் இப்படி இரண்டு அணிகள். கடைசியில் தனியாக நிற்கும் ஆர் என்ற எழுத்துக்குத்தான் முழு வாக்கியத்திலும் பொருள் அதிகம்.

தாய்ப்பலகையில் மின்குறி நானோ நொடிக்குச் சுமார் 15 செண்டிமீட்டர் ஓடும். 1600 வேகத்தில் ஒரு பிட்டின் ஆயுள் 0.625 நானோ நொடி. அப்படியானால் ஒரு பிட் கம்பியில் பிடிக்கும் நீளம் 9 செண்டிமீட்டர் சொச்சம். பிராசசருக்கும் கடைசி ஸ்லாட்டுக்கும் நடுவே ஒன்றன்பின் ஒன்றாக ஒன்றிரண்டு பிட்கள் ஒரே நேரத்தில் வழியிலேயே இருக்கலாம். அந்த வழியில் ஒவ்வொரு ஸ்லாட்டும் ஒரு கிளைச்சந்து. மின்குறி அதில் முட்டிக் கொஞ்சம் திரும்பி வரும். பின்னால் வரும் பிட்டின்மேல் விழுந்து அதைக் குழப்பும். அதோடு கம்பியில் தொங்கும் ஒவ்வொரு சிப்பும் தன் பங்குக்கு மின்னூட்டத்தைக் கேட்டு, ஏற்ற இறக்கத்தை மழுங்கடிக்கும்.

ஆர்720-இல் ஒரு பிராசசருக்கு நான்கு சேனல், சேனலுக்கு மூன்று ஸ்லாட். முதல் ஸ்லாட்டின் பிடி வெள்ளை, இரண்டாவது கறுப்பு, மூன்றாவது பச்சை. எங்களிடம் முன்பு இருந்த எட்டு ரேமும் வெள்ளைப் பிடியில், சேனலுக்கு ஒன்று. அதுதான் சரியான அமர்வு. நான்கு சேனலும் ஒரே நேரத்தில் வேலை செய்யும், சேனலுக்கு நொடிக்கு 12.8 ஜிபி வீதம் 51.2 ஜிபி. இப்போது மூன்று நிறமும் நிரம்பி, ஒரு தரவுக் கம்பியில் மூன்று ரேம், இரண்டு அணி என ஆறு சிப்கள் தொங்குகின்றன. எதிரொலிக்கும் கல்யாண மண்டபத்தில் மைக் பிடித்தவர் என்ன செய்வார்? முந்தைய சொல்லின் ஒலி அடங்கியபின் அடுத்த சொல்லை விடுவார். சர்வரும் அதையே செய்தது. 1066-இல் ஒரு பிட்டுக்கு 0.94 நானோ நொடி; எதிரொலி அடங்க அவகாசம்.

ஆர் என்பது ரெஜிஸ்டர். கட்டளையும் முகவரியும் செல்லும் கம்பிகள் தரவுக் கம்பிகளைவிட மோசமான நிலையில் இருப்பவை, ஏனெனில் அவை 36 சிப்களுக்கும் போக வேண்டும். ரேமின் நடுவே உட்கார்ந்திருக்கும் ரெஜிஸ்டர் சிப் அவற்றைத் தான் ஒருவனாக வாங்கி, ஒரு துடிப்பு தாமதித்து, புதுத் தெம்போடு மற்றவர்களுக்கு அனுப்புகிறது. ரெஜிஸ்டர் இல்லாத ரேமையும் உள்ள ரேமையும் ஒரே பெட்டியில் கலந்து போட்டால் சர்வர் எழாமல் போவது இதனால்தான். ஒன்று கட்டளையை உடனே கேட்கிறது, மற்றொன்று ஒரு துடிப்பு கழித்து. தரவுக் கம்பிகளுக்கும் இடைத்தாங்கி வைத்த எல்ஆர் வகை உண்டு. அதையும் ஆர் வகையோடு கலக்கக் கூடாது. விலை மலிவாகக் கிடைக்கிறதென்று மேசைக்கணினி ரேமை வாங்கி வந்து ஏமாறுகிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கும். 240 பின்களும் பள்ளமும் ஒத்துப்போகும், ஸ்லாட்டில் அழகாக அமரும்.

இப்போது, திரும்ப வருவேன் என்ற அந்த வாக்குறுதி. 1600-இல் ஒரு வரிசையில் தகவல் கேட்டபின் அது வெளிவர 11 துடிப்பு, துடிப்புக்கு இரண்டு பிட் என்பதால் 1.25 நானோ நொடி; மொத்தம் 13.75. 1066-இல் 7 துடிப்பு போதும், துடிப்புக்கு 1.875, மொத்தம் ஏறத்தாழ 13.1. குடத்தைத் திறந்து, உணர்ந்து, நிரப்ப ஆகும் நேரம் கடிகாரத்துக்குக் கட்டுப்படாததால், எண்ணிக்கை மாறினாலும் காத்திருப்பு மாறவில்லை. குறைந்தது ஓட்டத்தின் அகலம் மட்டுமே. கணக்கு அறிக்கைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தாவித் தாவித் தகவல் தேடுபவை. அவற்றுக்குக் காத்திருப்புதான் முக்கியம். பெரும் மேட்ரிக்ஸ்களைப் பெருக்கும் அறிவியல் கணக்கீடாக இருந்திருந்தால் அந்த இளைஞரின் கவலைக்கு நியாயம் இருந்திருக்கும். பச்சைப் பிடிகளைத் தொடாமல், 16 ஜிபி ரேம்களாக வாங்கி இரண்டு நிறத்தோடு நிறுத்தச் சொல்லியிருப்பேன்.

வாங்கும் முன் இன்னொன்று. இயந்திரம் ஏற்கும் ரேமை மென்பொருள் ஏற்காமல் போகலாம். விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2 ஸ்டாண்டர்டு பதிப்புக்கு 32 ஜிபிதான் எல்லை. மீதியெல்லாம் மின்சாரம் குடித்துக்கொண்டு சும்மா இருக்கும்.

பொருத்தும் வேலை அரை மணி நேரம்தான். சர்வரை முறையாக நிறுத்தி, இரண்டு பவர் சப்ளையின் கம்பிகளையும் பிடுங்க வேண்டும். ஒன்றை மட்டும் பிடுங்கினால் பலகையில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். மேல்மூடியைத் திறந்து, காற்றை வழிநடத்தும் பிளாஸ்டிக் கூரையைத் தூக்கினால் ரேம்கள் தெரியும். கொஞ்ச நேரம் ஆறவிட வேண்டும். காலி ஸ்லாட்டுகளில் ரேம் போலவே தோன்றும் வெற்றுப் பிளாஸ்டிக் தகடுகள் இருக்கும். காற்று காலி இடத்தில் ஓடிவிடாமல் ரேம்களின் நடுவே போகவே அவை. ரேம் போடும் ஸ்லாட்டில் மட்டும் அவற்றைக் கழற்ற வேண்டும்.

மணிக்கட்டில் நிலைமின் தடுப்புப் பட்டை கட்டாமல் நான் ரேமைத் தொடுவதில்லை. நம் உடலில் சேரும் நிலைமின்சாரம் சுமார் 3000 வோல்ட்டைத் தொட்டால்தான் விரலில் சுள்ளென்று தெரியும். சில நூறு வோல்ட்டே சிப்புக்குப் போதும், நமக்குத் தெரியவே தெரியாது. கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் ஆபத்து குறைவு. சர்வர் அறையின் ஏசி அந்த ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. பட்டையின் கம்பியில் 1 மெகா ஓம் மின்தடை இருக்கும். மின்னூட்டம் மெல்ல வடியவும், தவறி மின்கம்பியைத் தொட்டுவிட்டால் ஆள் பிழைக்கவும் அது வேண்டும்.

பழைய ரேம் என்றால் தங்க முலாம் பூசிய விளிம்பை அழிரப்பரால் தேய்ப்பது நம் ஊர்ப் பழக்கம். வேலை செய்யும்தான். ஆனால் முலாம் மிக மெல்லியது, ரப்பர் அதைச் சுரண்டும். தூள் ஸ்லாட்டுக்குள் விழும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணி போதும்.

பள்ளத்தைப் பார்த்து, இரு முனையிலும் கட்டைவிரல் வைத்து, இரண்டு பக்கமும் சமமாக அழுத்த வேண்டும். பிடிகள் தாமாகவே எழுந்து கடிக்கும். அன்று ஒரு ரேமில் ஒரு பிடி கடித்ததை மட்டும் கேட்டுவிட்டு நான் அடுத்ததற்குப் போய்விட்டேன். பொத்தானை அழுத்தியதும் முன்பலகையின் சிறு திரை நீலத்திலிருந்து மஞ்சளுக்கு மாறி, குறிப்பிட்ட ஸ்லாட்டின் பெயரைச் சொன்னது. மீண்டும் நிறுத்தி, கழற்றி, இரு பிடியும் கடிக்கும்வரை அழுத்தியபின் எல்லாம் சரியாயிற்று.

புதிய ரேமோடு முதல்முறை எழும்போது திரை சில நிமிடம் கறுப்பாகவே நிற்கும். பயந்து பொத்தானை அழுத்தி நிறுத்திவிடக் கூடாது. ஒவ்வொரு ரேமின் ஓரத்திலும் ஒரு சிறு சிப், அதன் ஜாதகம். டிடிஆர்3-இல் 256 பைட். எத்தனை அணி, எவ்வளவு கொள்ளளவு, எந்த வேகம், எத்தனை துடிப்பு என்றெல்லாம் அதில் எழுதியிருக்கும். சர்வர் அவற்றை ஒவ்வொன்றாகப் படித்து, 24 பேருக்கும் ஒத்துவரும் வேகத்தைத் தேர்ந்தெடுக்கிறது. பிறகு ஒவ்வொரு கம்பியின் நீளத்துக்கும் ஏற்ப எப்போது சொல்ல வேண்டும், எப்போது காது கொடுக்க வேண்டும் என்பதைத் தெரிந்த வடிவங்களை எழுதியும் படித்தும் பழகிக்கொள்கிறது. கச்சேரி தொடங்கும் முன் சுருதி சேர்க்கும் நேரம் அது.

சுருதி சேர்ந்தபின்னும் ஒரு பிட் தவறலாம். 1978-இல் இன்டெல்லின் திமோதி மேயும் முரே உட்ஸும், சிப்பைப் பொதிந்த பீங்கானில் துளியளவு கலந்திருந்த யுரேனியமும் தோரியமும் உமிழ்ந்த ஆல்பா துகள்கள் பிட்களைப் புரட்டுவதைக் கண்டுபிடித்தார்கள். மறு ஆண்டே ஜேம்ஸ் சீக்லரும் வில்லியம் லான்ஃபோர்டும் விண்கதிர்களாலும் இது நேரும் என்று காட்டினார்கள். 2003-இல் பெல்ஜியத்தின் ஸ்கார்பீக் நகரில் நடந்த தேர்தலில் ஒரு வேட்பாளருக்குச் சாத்தியமே இல்லாத அளவில் 4096 வாக்குகள் கூடுதலாக விழுந்தன. 4096 என்பது 2-இன் 12-ஆம் அடுக்கு, ஒரே ஒரு பிட்டின் மதிப்பு. விண்கதிர் காரணமாக இருக்கலாம் என்பது ஊகம். பிட் ஒன்று புரண்டதற்கான தடயம் அந்த எண்ணிலேயே இருந்தது. அந்த வியாபார நிறுவனத்தின் பேரேட்டில் இப்படி ஒன்று நடந்தால் என்ன ஆகும்!

அதற்காகவே நம் ரேமின் 36 சிப்களில் 4 சிப்கள் காவலுக்கு நிற்கின்றன. இந்தக் காவலை வகுத்தவர் பெல் ஆய்வுக்கூடத்து ரிச்சர்டு ஹேமிங். 1947-இல் வார இறுதிகளில் ரிலே கணினியில் தன் கணக்கை விட்டுவிட்டுப் போவார். இயந்திரம் பிழையைக் கண்டால் அந்தக் கணக்கைக் கைவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். அடுத்தடுத்து இரண்டு வாரம் வெறுங்கையோடு திரும்பியவர் கேட்டார்: பிழை இருக்கிறதென்று கண்டுபிடிக்கத் தெரிந்த இயந்திரத்துக்கு அது எங்கே என்று கண்டுபிடிக்க ஏன் முடியாது? 64 பேரை 8 வரிசையில் எட்டெட்டாக உட்காரவைத்து, கை தூக்கியவர் எண்ணிக்கை ஒவ்வொரு வரிசையிலும் ஒவ்வொரு நெடுக்கிலும் இரட்டைப்படையாக இருக்கும்படி 16 காவலர்களை நிறுத்தினால், ஒருவர் கையை மாற்றினாலும் ஒரு வரிசையும் ஒரு நெடுக்கும் கெடும். அவை வெட்டும் இடத்தில் ஆள். ஹேமிங் 1950-இல் வெளியிட்ட முறையில், ஒன்றோடொன்று பின்னிய குழுக்களால் 7 காவலர்களே அந்த இடத்தைச் சொல்லிவிடுவார்கள். இரண்டு பிட் ஒன்றாகக் கெட்டதைக் கண்டுகொள்ள இன்னொருவர். 64-உடன் 8 சேர்ந்து 72.

கூகுளின் சர்வர்களை ஆராய்ந்து 2009-இல் வெளியான ஆய்வு, ஓராண்டில் மூன்றில் ஒரு பங்கு இயந்திரங்கள் குறைந்தது ஒரு திருத்தத்தையாவது சந்திப்பதாகவும், ரேம்களில் 8 சதவீதத்துக்கும் மேல் அப்படியென்றும் சொன்னது. ஒருமுறை பிழை செய்த ரேமே திரும்பத் திரும்பப் பிழை செய்வதும் அதில் தெரிந்தது. அதாவது பெரும்பாலும் குற்றவாளி வானத்தில் இல்லை, சிப்புக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே கையில் வந்த பழைய ரேம்களை ஓர் இரவு முழுக்கச் சோதனை நிரலில் ஓடவிட்ட பிறகுதான் நான் கணக்குகளை அவற்றின்மேல் ஏற்றுவேன். அதன்பின்னும் லினக்ஸ் வைத்திருக்கும் திருத்த எண்ணிக்கையை வாராவாரம் பார்க்கச் சொல்வேன்.

மூன்று வாரம் கழித்து அந்த இளைஞர் போன் செய்தார்.

"சார், ஒரு ஸ்லாட்டுல மட்டும் 1-ன்னு வந்திருக்கு. மாத்திடலாமா?"

"வேண்டாம் தம்பி. ஞாயித்துக்கிழமை நிறுத்தி, அதையும் பக்கத்து சேனல் ரேமையும் இடம் மாத்திப் போடுங்க. அடுத்தது எந்த ஸ்லாட்டுல வருதுன்னு பார்ப்போம்."

மாற்றிப் போட்டார். எண்ணிக்கை பிறகு எங்கேயும் ஏறவில்லை. எந்தத் துகள் வந்து போனதோ, அந்த ரேம் இன்னும் அங்கேதான் இருக்கிறது.